ஐந்தரை மணி நேர வித்தியாசம்

சென்ற மாதம் கமிட்டிக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நம் பத்திரிகை ஆசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் பில்டிங் விவகாரத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கூடவே இருந்தவர் நீங்கள். எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். முப்பத்து நான்கு வருடம் தொலைபேசி இலாகாவில் குப்பை கொட்டியவன் நான். இதுவரை எழுதியதெல்லாம் ஃபால்ட் ரிப்போர்ட்டுகள்தான். இருந்தாலும், செம்பூரில் உள்ள நம்மவர்கள் வாயில் இந்தக் கதை கண்டபடி உருண்டுகொண்டிருப்பதால் எழுதுவது நல்லது என்று பட்டது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

2023 ஆகஸ்ட் மாதம். மழை பிய்த்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் மாடிவீட்டு மாமிக்குக் கும்பகோணத்திலிருந்து அவர் தம்பி போன் செய்தார். போனை எடுத்தவர் மாமா. "அத்திம்பேருக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று தழுதழுத்த குரல். "நான்தான் பேசறேன், எனக்கென்ன?" என்றார் மாமா. மறுமுனையில் அரை நிமிடம் சத்தமே இல்லையாம்.

விஷயம் இதுதான். அன்று விடியற்காலை மாமியின் இ-மெயிலிலிருந்து உறவுக்காரர்கள் இருபது பேருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர்கள் போன் பேசக்கூடாது என்கிறார்கள், அவசரமாகப் பணம் வேண்டும், இந்த அக்கவுண்டில் போடவும் என்று. தம்பியின் பிள்ளை காலை எட்டு மணிக்கே 40,000 ரூபாய் அனுப்பிவிட்டான். மற்றவர்கள் பதில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எதுவும் மாமியின் கண்ணில் படாதபடி, வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி அவன் ஏற்பாடு செய்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

என் மருமகள் சமயோசிதக்காரி. விஷயம் காதில் விழுந்ததும் கும்பகோணத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசச் சொன்னாள். சைபர் மோசடிக்கென்றே உள்ள உதவி எண் அது. அவன் பேசியதால் 24,000 ரூபாய் வழியிலேயே முடக்கப்பட்டது. மீதி 16,000 அதற்குள் கை மாறிவிட்டது.

பணம் போனதைவிடப் பெரிய கஷ்டம் பிறகுதான் வந்தது. மாமியின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? மாமிக்குத் தெரியும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தெரியும். அதை அந்த நோட்டில் எழுதி வைத்த சி-விங் பையனுக்குத் தெரியும்.

விருதுநகர்ப் பக்கத்துப் பையன். இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து சி-விங்கில் ஒரு ரூம் எடுத்திருந்தான். ஐரோலியில் ராத்திரி ஷிப்ட் வேலை. கேஸ் புக் செய்வது, லைட் பில் கட்டுவது, நவம்பரில் மாமாவின் பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சர்டிபிகேட் கொடுப்பது எல்லாம் அவன்தான். "தாத்தா, பாட்டி" என்றுதான் இருவரையும் கூப்பிடுவான். மாமாவுக்கோ இப்போது ஒரே பிடி. "தெரிஞ்சவன்தான் செய்ய முடியும். ஒரு தடவைகூடத் தப்பா அடிக்காம முதல் தடவையே சரியா அடிச்சிருக்கான்!"

தப்பாக அடிக்கவில்லை என்பது மாமாவுக்கு எப்படித் தெரிந்தது? போலீஸ் கொடுத்த காகிதத்திலிருந்து.

நாம் இ-மெயில், பாங்க், ஃபேஸ்புக் என்று எதைத் திறந்து உள்ளே போனாலும், அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. எந்த நேரம், எந்த ஐ.பி. எண்ணிலிருந்து, எந்த மாதிரி போன் அல்லது கம்ப்யூட்டர், பாஸ்வேர்டு சரியா தப்பா என்று. ஐ.பி. எண் என்பது இணையத்தில் இணைந்திருக்கும்போது நமக்குக் கிடைக்கும் விலாசம் போன்றது. அரசாங்க ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் என்ன பேசினீர்கள் என்று அதில் இருக்காது. வந்தது யார் பெயரில், எத்தனை மணிக்கு என்று இருக்கும். நம் அக்கவுண்டின் நோட்டில் ஒரு பகுதியை நாமே பார்க்கலாம். முழு நோட்டைப் போலீஸ் எழுத்து மூலம் கேட்டு வாங்குகிறது. இப்போதைய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 94-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91-ஆக இருந்தது இது.

மூன்று வாரம் கழித்து அந்தக் காகிதம் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மாமாவைக் கூப்பிட்டு ஒரு ஜெராக்ஸ் கொடுத்து, "இதில் எது நீங்கள், எது நீங்கள் இல்லை என்று குறித்துக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மாமா வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். கடிதம் போவதற்கு முந்தைய நாள், புதன்கிழமை தேதியில் ஒரு வரி. நேரம் 21:17. மாமியிடம் இல்லாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து.

மாமா துள்ளி எழுந்துவிட்டார். ஏனென்றால் அந்தப் புதன்கிழமை ராத்திரி ஒன்பதேகாலுக்கு அந்தப் பையன் இவர்கள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தான்! டி.வி. நின்றுபோய், மாமியின் சீரியல் தடைபட்டு, அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். தோளில் ஆபீஸ் பை, அதற்குள் லாப்டாப். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டே நாளில் ஏ-விங்கிலிருந்து டி-விங் வரை செய்தி போய்விட்டது. ரூம் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பையன் மாடிக்கு வந்து, "பாட்டி, நான் செய்வேனா?" என்று மாமியைப் பார்த்துக் கேட்டான். மாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மாமா திட்டியதைவிட அதுதான் அவனுக்கு அதிகம் வலித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

அன்று மாலை அந்தக் காகிதத்தை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இலாகாப் பழக்கம், நேரம் எழுதிய காகிதம் எதுவானாலும் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிடுவேன். தினமும் 01:00 மணி வாக்கில் ஒரு வரி இருந்தது. மாமியின் போனிலிருந்துதான். நடு ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மாமி எதற்கு மெயில் பார்க்கிறார்? கேட்டேன். "நானா? ஒன்பதரைக்குப் படுத்தா அஞ்சரைக்குத்தான் முழிப்பு. காபி குடிச்சிட்டு ஆறரைக்குப் பார்ப்பேன்" என்றார். ஆறரை. ஒன்று. வித்தியாசம் ஐந்தரை மணி. கட்டத்தின் தலைப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்தில் யு.டி.சி. என்று இருந்தது. நாம் முன்பு கிரீன்விச் நேரம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். உலகம் பூராவும் கிளை உள்ள கம்பெனிகள் அந்த ஒரு நேரத்தில்தான் கணக்கு எழுதுகின்றன. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். புதன்கிழமை 21:17 என்பது நமக்கு வியாழக்கிழமை விடியற்காலை 2:47.

விடியற்காலை 2:47-க்குப் பையன் ஐரோலியில் ஆபீஸில் இருந்தான். ராத்திரி பத்தே முக்காலுக்குக் கார்டு தேய்த்து உள்ளே போனவன், காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வந்திருக்கிறான். அதுவும் ஒரு லாகின் கணக்குதானே!

மறுநாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "சாஹேப், இந்த நேரம்..." என்று ஆரம்பித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "அது எங்களுக்குத் தெரியும் காகா. அந்த ஐ.பி. எண் வேறு மாநிலத்து பிராட்பேண்ட் கனெக்‌ஷன். விலாசமே வந்தாகிவிட்டது. அதனால்தான் அந்தப் பையனை நான் கூப்பிடவே இல்லை" என்றார். மாமா ஸ்டேஷன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் சந்தேகப்படாத பையனை நாம்தான் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

என் காலத்து டிரங்க் கால் டிக்கெட் நினைவுக்கு வந்தது. ஆபரேட்டர் பெண்மணி எந்த ஊர், எந்த எண், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுவார். பில் போடுவதற்காக எழுதியதுதான். ஆனால் போலீஸ்காரர்கள் அடிக்கடி வந்து நிற்பது அந்தக் கட்டுகளைத் தேடித்தான். அநாமதேயமாகப் போன் செய்து மிரட்டுகிறவனைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். பழைய எக்ஸ்சேஞ்சில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ரேக் ரேக்காக ஓடி, எந்த செலக்டரிலிருந்து எந்த செலக்டருக்கு வருகிறது என்று பின்னால் தொடர வேண்டும். அவன் வைத்துவிட்டால் போச்சு. நானே ஓடியிருக்கிறேன்.

இதே மாதிரி ஓட்டம் கம்ப்யூட்டர் உலகத்தின் புகழ்பெற்ற வழக்கு ஒன்றிலும் உண்டு. 1986-ல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் விஞ்ஞானியிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏனென்று பார் என்று. நம் ஊர் ஆபீஸாக இருந்தால் யாராவது கையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. யாரோ வெளியாள் நுழைந்து சில விநாடிகள் கம்ப்யூட்டரை உபயோகித்திருக்கிறான் என்று கண்டுபிடித்தார். உள்ளே வரும் லைன்களில் பிரிண்டர்களை மாட்டி, அவன் அடிப்பதையெல்லாம் அச்சாக எடுத்தார். அவன் அங்கிருந்து அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் போய்த் துழாவிக்கொண்டிருந்தான். தடம் ஜெர்மனியில் ஹானோவர் நகரம் வரை போயிற்று. அங்கே பழைய எக்ஸ்சேஞ்ச். ஆள் ஓடித்தான் தொடர வேண்டும். அதற்கு அவன் லைனில் அதிக நேரம் இருக்க வேண்டுமே? ஸ்டோல் பொய்யான ராணுவ ஃபைல்களைத் தயாரித்து வைத்தார். அவன் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தபோது லைனைப் பிடித்துவிட்டார்கள். சோவியத் உளவு ஸ்தாபனத்துக்கு விற்றவர்களின் கூட்டம் அது. 1990-ல் ஜெர்மன் கோர்ட்டில் தண்டனை ஆயிற்று.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2004-ல் ஒரு பெண்ணின் பெயரில் போலி இ-மெயில் தொடங்கி, யாஹூவில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதிப் போட்டவனைச் சென்னைப் போலீஸார் மும்பைக்கு வந்து பிடித்தார்கள். சைபர் கஃபே நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். 2004 நவம்பரில் எழும்பூர் கோர்ட்டில் தண்டனை. புகார் கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு காட்டுவது கனெக்‌ஷனைத்தான், ஆளை அல்ல. 2008-ல் குண்டுவெடிப்புகளின்போது வந்த இ-மெயில்களைச் செம்பூர், மாட்டுங்கா அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 26 அன்று ஆமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மெயிலின் ஐ.பி. எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கர் வீடு! அவருடைய வை-ஃபைக்குப் பூட்டில்லை. வேறு எவனோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறான். ஆகஸ்டில் வந்த மெயில் மாட்டுங்காவில் ஒரு காலேஜின் வை-ஃபையிலிருந்து. செப்டம்பர் 13 டில்லி குண்டுவெடிப்பு மெயில் நம் செம்பூரிலேயே ஒரு கம்பெனியின் வை-ஃபையிலிருந்து. தெருவில் போகிறவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மொட்டைக் கடிதாசி எழுதினமாதிரிதான். அந்த வாரம்தான் எங்கள் பில்டிங்கில் எல்லோரும் வை-ஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டார்கள்.

அதைவிட என் மனதை அறுத்தது 2007-ல் நடந்த பெங்களூர் சம்பவம். ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி யாரோ படம் போட்டுவிட்டான். பூனா போலீஸார் ஐ.பி. எண்ணை வாங்கி, அந்த நேரத்தில் அது யாருடையது என்று இணையக் கம்பெனியைக் கேட்டார்கள். கம்பெனி தவறான சந்தாதாரரின் விவரத்தைக் கொடுத்துவிட்டது. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்த இளைஞர் ஒருவரை ஆகஸ்ட் கடைசியில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். ஐம்பது நாள் ஜெயில். அவர் செய்யவே இல்லை என்பது பிறகுதான் நிரூபணமாயிற்று. ஒரு வரி, ஒரே ஒரு வரி தப்பு. மாமாவின் சிவப்புப் பேனாவைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே நல்ல விசாரணையில் இந்த ஒரு காகிதத்தோடு நிறுத்த மாட்டார்கள். இன்னொரு கணக்கோடு பொருத்திப் பார்ப்பார்கள். 2012-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனத் தலைவர் ஜெனரல் பெட்ரேயஸ் பதவி விலகிய விவகாரம் அப்படித்தான் வெளிவந்தது. ஒரு பெண்மணிக்கு வந்த அநாமதேய மெயில்கள் வெவ்வேறு ஓட்டல்களின் இணைப்புகளிலிருந்து போயிருந்தன. எஃப்.பி.ஐ. அந்தந்தத் தேதிகளில் அந்த ஓட்டல்களில் தங்கியவர்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தது. எல்லாவற்றிலும் இருந்த பெயர் ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல் நம் மொபைல் போன். ஐ.பி. எண்கள் பற்றாக்குறை என்பதால் ஒரே எண்ணை ஒரே சமயத்தில் ஏராளமான பேருக்குக் கம்பெனிகள் பகிர்ந்து கொடுக்கின்றன. சாலில் எல்லோருக்கும் ஒரே வாசல் இருப்பதுபோல. எந்த ரூம் என்று தெரிய போர்ட் எண் என்ற இன்னொன்றும், விநாடி சுத்தமான நேரமும் வேண்டும். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு, கம்பெனிகள் எல்லாம் தங்கள் கடிகாரத்தை அரசாங்க நேரத்தோடு ஒத்து வைத்துக்கொள்ள வேண்டும், இந்தக் கணக்குகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. 180 நாள் என்பதைக் கவனியுங்கள். "பார்க்கலாம், தீபாவளி கழியட்டும்" என்று புகாரைத் தள்ளிப்போட்டால் வாட்ச்மேன் நோட்டு பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கலாம்.

கோர்ட்டிலும் சும்மா ஜெராக்ஸ் நீட்டினால் போதாது. இது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சர்டிபிகேட் வேண்டும். 2020-ல் சுப்ரீம் கோர்ட் அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் வந்துள்ள சாக்ஷிய சட்டத்தில் 63-வது பிரிவு.

வெளியூரில் வசிக்கும் நமக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. தஞ்சாவூரில் அப்பா, முலுந்தில் பிள்ளை. அப்பாவின் பென்ஷன் பாங்க் கணக்கை இங்கிருந்துகொண்டு பிள்ளை திறக்கிறான். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் கணக்கில் முதலில் தெரிவது மும்பை ஐ.பி.தான். தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். யார் எதற்காகத் திறக்கிறோம் என்று ஒரு டைரியில் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் அந்த லாகின் பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, உடனே பாஸ்வேர்டை மாற்றி, மற்ற இடங்களிலிருந்து வெளியேற்றுங்கள். பயத்தில் அக்கவுண்டையே அழித்துவிடாதீர்கள், போனைத் துடைத்து புதிதாக்காதீர்கள். தடயமும் சேர்ந்து போய்விடும். பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் 1930.

மாமியின் பாஸ்வேர்டு எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு, "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே தட்டவும்" என்று வந்த ஒன்றைத் தட்டி, அது கேட்ட இடத்தில் மாமியே அடித்துக் கொடுத்திருக்கிறார். முதல் தடவையே சரியாக அடித்ததன் ரகசியம் அதுதான். ஸ்டேஷனிலிருந்து நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க அழுதார்.

வேறு மாநிலத்தில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். வழக்கு மெதுவாகப் போகிறது. முடக்கிய 24,000 ரூபாய் பல மாதம் கழித்துக் கும்பகோணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி வரவில்லை.

பையன் காலி செய்துவிட்டு ஐரோலிக்கே போய்விட்டான். ரூம் சொந்தக்காரர் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு தனியாக அவனைப் பார்க்கப் போனார். பூட்டியிருந்ததாம், மாமி கொடுத்த முறுக்கைப் பக்கத்து ரூமில் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு வந்த நம் சங்கப் பொங்கல் விழாவில்தான் அவனைப் பார்த்தோம். மாமா போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் இரண்டு பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமா பையிலிருந்து மாமியின் போனை எடுத்து, "பாஸ்வேர்டு மாத்தணும், கொஞ்சம் பாரேன்" என்று நீட்டினார்.

அவன் எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று காட்டினான். "நீங்களே அடிங்க தாத்தா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்று சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.